சண்டைக்கு மட்டும் இங்கிலீஷ்

"யூ லையர்! ஆன்சர் மீ!" என்று முழங்குகிறார் ஜெகதீஸ்வரி அம்மாள். காலை பத்தரை மணி, கடையில் கூட்டம் ஓய்ந்த நேரம். எதிரே நாற்காலியில் கணவர் பூமிநாதன் கண்ணை மட்டும் உருட்டுகிறார். புளி வாங்க வந்தவர் திகைத்து நின்றால், "ஒங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க. இது எங்க சொந்தச் சண்டை" என்று தராசைப் பிடித்தபடியே சொல்வார்.

பாளையம்பட்டியில் இந்தப் பலசரக்குக் கடைக்கு எதிர்வீட்டுக்காரன் நான். முப்பது வருஷமாகக் காது கொடுத்துக் கேட்ட சண்டை.

அம்மாள் மருமகளாக வந்தபோது அது கூட்டுக்குடும்பம். மாமியார் சுப்பம்மாள் முன்னால் புருஷனை எதிர்த்து ஒரு சொல் பேச முடியாது. ஆனால் அருப்புக்கோட்டைப் பள்ளியில் தலைமையாசிரியை இங்கிலீஷில் திட்டிய திட்டெல்லாம் மருமகளுக்கு மனப்பாடம். "நான்சென்ஸ்! இர்ரெஸ்பான்சிபிள் ஃபெலோ!" என்று ஆரம்பித்தார். பூமிநாதன் சளைத்தவரா? பொட்டலம் மடிக்க வாங்கும் பழைய இங்கிலீஷ் பேப்பரில் பாராளுமன்றச் செய்தியைத் தேடித் தேடிப் படித்தார். ரசத்தில் உப்பு கூடினால், "ஐ ஸ்ட்ராங்லி கண்டெம்!" என்பார். "பேஸ்லெஸ் அலிகேஷன்!" என்று அடுக்களையிலிருந்து பதில் வரும்.

தமிழில் "நீங்க" என்பதைத் தாண்ட முடியாத பெண்ணுக்கு அந்த "யூ" எவ்வளவு பெரிய விடுதலை! மாமியாருக்கோ பெருமை தாங்காது. "சின்னஞ்சிறுசுக, இங்கிலீசுலயே கொஞ்சிக்கிறாக" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

கொஞ்சுவதற்கு அவர்களிடம் ஒரு இங்கிலீஷ் வார்த்தைகூடக் கிடையாது. யாரோ ஒரு வெளியூர்க்காரர் "ஹவ் ஆர் யூ?" என்று கேட்டதற்கு, பதில் தெரியாமல் பூமிநாதன் ஒரு துண்டு வெல்லத்தை எடுத்துக் கொடுத்ததை நானே பார்த்தேன்.

மாமியார் போனார், மைத்துனர்கள் தனிக்குடித்தனம் போனார்கள். அதற்குப் பிறகும் சண்டை தமிழுக்கு மாறவில்லை. தெருமுனை வரை கேட்கும். அந்த நாட்கள் திரும்பி வராதா என்று எனக்கு ஏக்கமாக இருக்கிறது. அடுத்தவர் வீட்டுச் சண்டைக்கு ஏங்குகிறவன் என்று சிரித்தாலும் சிரியுங்கள்.

போன ஐப்பசியில் பூமிநாதனுக்குப் பக்கவாதம். கால் தேறியது, கை தேறியது, பேச்சு மட்டும் வரவில்லை. எப்படியாவது பேச வையுங்கள், நாள் தள்ளினால் கஷ்டம் என்றார் மதுரை டாக்டர். அம்மாள் பிள்ளைகளின் பெயரைச் சொல்லச் சொன்னார், சாமி பாட்டுப் பாடினார். ஒன்றும் நடக்கவில்லை. "சண்டைன்னா இவுக வாய் சும்மா இருக்காது, பாப்பம்" என்று தினமும் தொடங்கிவிட்டார். நாலு மாதமாக ஒருவரே போடும் சண்டை. கேட்கப் பொறுக்காமல் சில நாள் ஜன்னலைச் சாத்தியிருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை கருப்பட்டி வாங்கப் போனேன். பழைய சண்டைகளெல்லாம் தீர்ந்துபோய், ஒருநாளும் போடாத ஒன்றை அம்மாள் எடுத்திருந்தார்.

"காரியாபட்டியில எங்கப்பாவச் சுடுகாட்டுக்குத் தூக்குறப்ப எங்க போனீக? எல்லாம் முடிஞ்ச பெறகு கடசி பஸ்ஸுல வந்து எறங்குனீகளே! யூ கவர்ட்! யூ ஹார்ட்லெஸ் ஃபெலோ!"

இது வைத்தியம் இல்லை. குரல் உடைந்து, அம்மாள் நிஜமாகவே அழுதார்.

பூமிநாதனின் தாடை கோணியது. நாற்காலியின் கையை இறுகப் பிடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"ஷ... ஷட்... ஷட்டப்!"

ஒன்றுக்கு ஒன்பதாகத் திருப்பிக் கொடுத்தே பழகிய ஜெகதீஸ்வரி அம்மாள், இரண்டு கைகளாலும் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டார்.