பட்டியலில் இல்லாத காரணம்

எங்கள் பஸ் அலுவலகத்தில் என் மேசைமேல் ஒரு திரை இருக்கிறது. காரைக்காலைச் சுற்றி ஓடும் டவுன் பஸ்கள் அதில் பச்சைப் புள்ளிகளாக நகரும். ஒரு பஸ் எங்காவது ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றால் புள்ளி சிவந்துவிடும். உடனே ஒரு பெட்டி திறந்து என்னிடம் காரணம் கேட்கும். அதில் நான்கே காரணங்கள்தான்: பழுது, நெரிசல், விபத்து, காரணமற்ற நிறுத்தம். கடைசியைத் தொட்டால் டிரைவருக்கு மெமோ தானாக அச்சாகி வரும். நான் கையெழுத்துப் போட்டால் போதும்.

ஆரம்பத்தில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊரை மேய்ப்பதாக நினைப்பு.

காலை ஏழு மணி வாக்கில் திருவேட்டக்குடியில் ஒரு புள்ளி தினமும் நான்கு நிமிடம் நின்று சிவந்தது. டிரைவர் டீ குடிக்கிறார் என்று நானே முடிவு கட்டினேன். இரண்டு வாரத்தில் இரண்டு மெமோ கொடுத்தேன். மூன்றாவது அச்சாகும் முன் அவரே என் மேசைக்கு வந்தார். ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்.

"மூணாவது வந்தா என்னை நிறுத்திடுவாங்க மேடம். போடுறதுன்னா போடுங்க. ஒரு நாள் அந்த பஸ்ல ஏறிப் பாத்துட்டுப் போடுங்க."

அவர் கெஞ்சவில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று மறுநாள் விடிந்ததும் தலத்தெருவிலுள்ள என் வீட்டிலிருந்து கிளம்பி அந்த பஸ்ஸில் ஏறினேன்.

திருவேட்டக்குடி நிறுத்தத்தில் ஆறு பெண்கள் மீன் நிறைந்த அலுமினிய அன்னக்கூடைகளோடு நின்றார்கள். டிரைவர் இறங்கிப் போய்க் கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். நானும் பின்னாலேயே இறங்கி நின்றேன். கூடைக்காரி மறுபக்கம் தூக்க, கண்டக்டர் பின்படியில் நின்று மேலே இழுத்தார். அடுத்த கூடைக்கு டிரைவர் குனிந்தபோது, அதற்குரியவர் என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, சும்மாதான நிக்கிற? இப்படி ஒரு கை புடி."

பிடித்தேன். மீன்தண்ணீர் என் புடவையில் வழிந்தது. ஆறும் ஏறியபோது செல்போனில் நேரம் பார்த்தேன். சரியாக நான்கு நிமிடம்.

"இந்தத் தம்பி வந்தப்புறம்தான் சந்தைக்கு நேரத்தோட போறோம்," என்றார் அவர். "முன்ன இருந்தவங்க கூடையப் பாத்ததுமே ரெண்டு விசில் அடிச்சிட்டுப் போயிருவாங்க."

அப்படி நிற்காமல் போன பஸ்களெல்லாம் என் திரையில் பச்சையாக மின்னியவை. எனக்கு வெட்கமாக இருந்தது. அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் அது கோபமாக மாறிவிட்டது.

எங்கள் அதிகாரி நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். நல்ல மனிதர்தான்.

"பழுதுன்னு போட்டுடுங்கம்மா. யாருக்கும் வம்பில்ல."

"பஸ் நல்லாத்தான் சார் ஓடுது. சனங்க ஏறுறாங்க. அதை ஒரு காரணமா சேக்கச் சொல்லுங்க."

"அது இந்தத் திரைய வித்த கம்பெனிக்காரங்க போட்டுக் குடுத்த பட்டியல். நம்மளால மாத்த முடியாது."

"அப்ப நான் பொய்யும் போட மாட்டேன், மெமோவுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்."

அடுத்த கூட்டத்தில், நவீன நிர்வாகம் வர ஊழியர்களே முட்டுக்கட்டை என்று அவர் பேசினார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முட்டுக்கட்டை நான்தான் என்றால் இருந்துவிட்டுப் போகிறேன். திரை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. பஸ் எங்கே நிற்கிறது என்று காட்டுகிற திரை நல்லதுதான். ஏன் நிற்கிறது என்று போய்ப் பார்க்காதவர்கள் அந்தப் பட்டியலை எழுதியிருக்கிறார்கள். பஸ் நிற்பதற்குப் பயணிகள் ஏறுவதும் ஒரு காரணம் என்பது அவர்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

முதல் இரண்டு மெமோக்களும் என் தவறு, பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன், ரத்து செய்யுங்கள் என்று கடிதம் கொடுத்தேன். பதில் இன்னும் வரவில்லை. ஆனால் மூன்றாவது மெமோ போகவில்லை. என் கையெழுத்து இல்லாமல் அது போகாது. அந்த டிரைவர் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

தினமும் காலையில் அந்தப் பெட்டி திறந்து காரணம் கேட்கிறது. நான்கில் எதையும் நான் தொடுவதில்லை. பக்கத்தில் இருக்கும் நோட்டில் 'பயணிகள் ஏறினார்கள்' என்று எழுதித் தேதி போடுகிறேன். சில நாள் அதிகாரி வந்து பின்னால் நிற்பார். இருவரும் சிவப்புப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்போம். நான்கு நிமிடம் ஆனதும் அது பச்சையாகி நகரும்.

"ஆறு கூடையும் ஏறிடுச்சு சார்," என்பேன்.