வாளியில் நின்ற அப்பிள்

இந்தக் கதையைச் சொல்ல வேண்டியவள் என் மகள். அவளுடைய சின்ன வயதில் நடந்தது. ஆனால் அவளைக் கேட்டால், பல்கனியில் ஒரு அப்பிள் கன்று நின்றதும், அதற்குத் தன் பழைய ஜக்கெற்றைப் போட்டுவிட்டதும், ஒரு அன்ரி கத்தியோடு வந்ததும்தான் நினைவிருக்கிறது என்கிறாள். மிச்சம் என்னிடம்தான் இருக்கிறது. எனக்கு முகம் பார்த்துச் சொல்ல வராது. அதனால் எழுதுகிறேன்.

அவளுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு மகன் பிறந்தான். ஜேர்மனிக்கு அகதிகளாக வந்த புதிதில் எங்களை இருத்தியிருந்த மலைப்பக்கத்துச் சின்ன ஊரில் பிறந்தான். ஒரு கிழமைகூட இருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலேயே ஞானஸ்நானம் கொடுத்து, அந்த ஊர்ச் சேமக்காலையில் சின்னப் பிள்ளைகளின் வரிசையில் அடக்கம் செய்தோம். தலைமாட்டில் நட ஒரு பூங்கன்று வாங்கப் போன என் கணவர், கடைக்காரர் காட்டிய ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அது காட்டு அப்பிள் என்பது காய்த்த பிறகுதான் தெரிந்தது. நாவற்பழம் அளவில் சிவப்புச் சிவப்பாய்க் காய்க்கும். வாயில் வைக்க முடியாத புளிப்பு. அந்த ஊரில் பனி முழங்கால் வரை விழும். பெரிய மரங்களே கொப்பு முறிந்து நிற்கிற குளிரில் அது ஒன்றும் நடக்காததுபோல நிற்கும். வெள்ளைக்குள் பழம் மட்டும் சிவப்பாகத் தெரியும். குருவிகள் வந்து தின்னும். சேமக்காலையில் மரத்தை உயர விடக்கூடாது என்பதால், இவர் அதைத் தறித்துத் தறித்து இடுப்பளவில் வைத்திருந்தார்.

பிறகு இவருக்கு வேலை கிடைத்து ஹனோவருக்கு வந்தோம். மகள் இங்கேதான் பிறந்தாள். வருடத்தில் ஒரு தடவை, சகல ஆத்துமாக்களின் நாளையொட்டி, இவர் ரயில் ஏறிப் போய்வருவார். அப்பா எங்கே என்று கேட்டால் வேலை விஷயமாகப் போயிருக்கிறார் என்பேன். உனக்கு ஒரு அண்ணன் இருந்தான் என்று சொல்லத்தான் ஒவ்வொரு வருடமும் நினைப்பேன். அவள் விளையாடிக்கொண்டிருப்பாள். கெடுப்பானேன் என்று விட்டுவிடுவேன்.

இந்த நாட்டில் குழிக்கும் தவணை உண்டு என்பது எங்களுக்குத் தெரியாது. மகள் இரண்டாம் வகுப்புக்குப் போன பிறகு, இரண்டாயிரத்து மூன்று நாலு என்று நினைக்கிறேன், வருடம் பிறந்த கையோடு அந்த ஊரிலிருந்து அறிவித்தார்கள். சின்னப் பிள்ளைகளின் வரிசைக்குக் காலம் முடிகிறது, அடுத்த வருட ஈஸ்டருக்குப் பிறகு நிலத்தை மட்டமாக்கிப் புல் போடப் போகிறோம் என்று. இவர் போன் எடுத்து, நீடிக்க முடியுமா என்று கேட்டார். குடும்பக் குழி என்றால் நீடிக்கலாம், வரிசைக் குழி என்றால் ஏலாது என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். எனக்கோ, படுத்திருந்த பிள்ளையை எழுப்பி வெளியே அனுப்புவதுபோல இருந்தது.

மரத்தைக் கிண்டி எடுத்து வருவோம் என்றால், அதன் வேர் குழிக்குள் போயிருந்தது. அதைக் கிண்ட யாருக்கு மனம் வரும்? கொப்பை வெட்டி வந்து இங்கே முளைக்க வைப்போம் என்றார் இவர். முடியுமா என்று நான் கேட்டேன்.

"ஊரில வேலிக்குக் கதியால் போட்டவனுக்கு இது பெரிய வேலையே?" என்றார்.

அந்தத் தை மாதமே போய்த் தடிகளை வெட்டிக்கொண்டு வந்தார். வேலிக்குக் கிளுவைத் தடியும் முருங்கைத் தடியும் நடுகிற மாதிரியே, அடியைச் சரிவாகச் சீவி, நுனியில் களிமண் அப்பி, பல்கனிச் சாடிகளில் ஊன்றினார். சித்திரையில் துளிர்த்தது. வேலைக்குப் போகுமுன் ஒருதரம் பார்ப்பார், வந்து சப்பாத்துக் கழற்றாமலே ஒருதரம் பார்ப்பார். அந்த நாட்களில் அவர் நன்றாகச் சாப்பிட்டார். ஆனியில் எல்லாத் துளிரும் கருகிவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் நூல் அளவு வேர்கூட இல்லை. தடிக்குள் மிஞ்சியிருந்த சாற்றை வைத்துக்கொண்டுதான் அது அவ்வளவு நாளும் பச்சை காட்டியிருக்கிறது.

என்னோடு பள்ளிக்கூடம் துடைக்கிற வேலையில் கசகஸ்தானில் இருந்து வந்த ஒரு அக்கா இருந்தாள். எங்கள் இருவருக்கும் ஜேர்மன் அரைகுறை. இவர் அப்பிள் தடியை மண்ணில் ஊன்றிய கதையை அவளுக்குச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த தடவை விளக்குமாற்றையும் நட்டுப் பார்க்கச் சொல் என்றாள். சிரித்து முடித்து, ஏன் இந்தப் பாடு, கடையில் ஒரு மரம் வாங்கலாமே என்று கேட்டாள். பிள்ளை, சேமக்காலை, மரம் என்று எனக்குத் தெரிந்த சொற்களைச் சொன்னேன். இந்த நாட்டில் அதை நான் வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் அவள்தான். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்தாள். அப்பிள் தன்னுடைய தடியில் வேர் விடாது, இன்னொரு அப்பிளின் வேரில்தான் ஒட்ட வேண்டும் என்றாள். மண் இரும்பாக உறைகிற அவர்களுடைய ஊரில் அப்படி ஒட்டிய மரங்கள்தான் நின்று பிழைத்தனவாம். தையில் தடியை வெட்டி வையுங்கள், பங்குனிக் கடைசியில் நான் வந்து ஒட்டித் தருகிறேன் என்றாள்.

அடுத்த தையில் இவர் கடைசித் தடவையாகப் போனார். கொண்டுவந்த தடிகளை ஈரத்துணியில் சுற்றி, பிரிட்ஜில் மரக்கறி வைக்கிற தட்டில் வைத்தோம். பழத்தின் ஆவி பட்டால் மொட்டுக் கெட்டுவிடும் என்று அக்கா சொல்லியிருந்ததால், பழங்களை எல்லாம் வெளியே எடுத்துவிட்டோம். வேருக்கென்று தோட்டக் கடையில் ஒரு அப்பிள் கன்றும் வாங்கிப் பல்கனிச் சாடியில் வைத்தார் இவர்.

மகளிடமும் ஒரு அப்பிள் இருந்தது. முதலாம் வகுப்பில் ரீச்சர் சொல்லிக்கொடுத்து, தான் தின்ற பழத்தின் விதையை ஈரக் கடதாசியில் சுற்றிப் பிரிட்ஜில் வைத்து, அதற்கு ஒரு பொய்க் குளிர்காலம் காட்டி முளைக்க வைத்தது. இரண்டு கோடை கண்டு, பென்சில் தடிப்பில் ஒரு வாளிக்குள் நின்றது. தன் தலையளவு அப்பிள் காய்க்கப் போகிறது என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவாள். காலையில் எங்களிடம் சொல்ல மறந்தாலும் அதனிடம் போயிட்டு வாறன் சொல்ல மறக்கமாட்டாள். மாசியில் குளிர் இறுகியபோது, தனக்குச் சிறிதாகிப்போன ஜக்கெற்றை வாளிக்குப் போட்டு, சிப்பை மேலே வரை இழுத்துவிட்டாள். நாங்கள் இருவரும் சிரித்தோம். எங்கள் சாடிக்கு ஒன்றும் போட எங்களுக்குத் தோன்றவில்லை.

பங்குனிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை அக்கா கத்தியும் கட்டுகிற நாடாவும் கொண்டுவந்தாள். எங்கள் கன்றின் பட்டையை நகத்தால் சுரண்டினாள். உள்ளே தவிட்டு நிறம். இன்னும் கீழே சுரண்டினாள். அங்கேயும் அதுதான். சாடி மண் உறைந்து வேர் செத்துவிட்டது என்றாள். நிலத்துக்குள் எவ்வளவு குளிரையும் தாங்குகிற மரம், சாடிக்குள் நின்றால் தாங்காதாம். பிரிட்ஜில் இருந்த தடிகளிலோ மொட்டு வீங்கத் தொடங்கியிருந்தது. இனி அவை காத்திருக்காது; புதிதாக ஒரு கன்று வாங்கி நட்டாலும் அது வேர் ஊன்ற நாளாகும் என்றாள். திரும்பப் போய் வெட்டிவரச் சேமக்காலை மரமும் இருக்கப் போவதில்லை. அக்கா, ஜக்கெற் போட்டு நின்ற வாளியைப் பார்த்தாள். குனிந்து அந்தக் கன்றையும் மெல்லச் சுரண்டினாள். பச்சை.

ஒட்டுவதென்றால் அதன் தலையை வெட்ட வேண்டும். இவர் மகளைப் பார்த்தார். குசினிக்குள் போய்விட்டார். அதனால் நான் கேட்க வேண்டி வந்தது.

"வெட்டினா செத்துப்போயிடும் அம்மா," என்றாள் மகள்.

"சாகாது பிள்ளை. அதுக்கு மேல இந்தத் தடியை வைச்சுக் கட்டுறது. பிறகு அது வளரும்."

"அப்ப என்ர அப்பிள் வராது?"

"வராது. குட்டிக் குட்டியா வேற பழம் வரும்."

"இனிக்குமோ?"

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. இனிக்காது என்றேன்.

அவள் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். அக்கா கத்தியை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிள்ளைக்கு விருப்பமில்லாமல் நான் அதைத் தொடமாட்டேன் என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள். குசினிக்குள் பைப் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மகள் வாளியை விடாமலே கேட்டாள்.

"அந்தத் தடி ஆரின்ர?"

"ஒரு பிள்ளையின்ர."

"எங்களுக்குத் தெரிஞ்ச பிள்ளையோ?"

"ஓம். தெரிஞ்ச பிள்ளை."

"அந்தப் பிள்ளையிட்ட மரம் இல்லையோ?"

"இருந்தது. அதை எடுக்கப் போகினம். இனி வைக்க இடமில்லை."

அவள் ஜக்கெற்றின் சிப்பை மேலும் கீழும் இழுத்தபடி யோசித்தாள்.

"வேர் என்ரதுதானே?"

"ஓம், வேர் உன்ரதுதான்."

"அப்ப வெட்டச் சொல்லுங்கோ. ஆனா அந்தப் பிள்ளை வந்து கேட்டாலும் நான் திருப்பிக் குடுக்கமாட்டன்."

ஜக்கெற்றை அவளே கழற்றினாள். அக்கா ஒரே வெட்டில் தலையை எடுத்து, இரண்டு சரிவையும் பட்டையோடு பட்டை படும்படி பொருத்திக் கட்டி, மேலே மெழுகு பூசினாள். வெட்டி எடுத்த தலையை மகள் ஒரு கிளாஸ் தண்ணீரில் வைத்துத் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். இவர் வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

ஒட்டுப் பிடித்தது. வைகாசியில் மொட்டுகள் விரிந்தன. அதற்குள் அந்த ஊரில் புல் போட்டு முடித்திருப்பார்கள். போய்ப் பார்க்கிறேன் என்று இவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த இலையுதிர்காலத்தில், கட்டடத்துக்குப் பின்னால் வேலியோரம் நட வீட்டுக்காரர் இடம் விட்டார். அடுத்த குளிர்காலம் முழுவதும் அது வெளியே பனிக்குள் நின்றது. அதற்கு எந்த ஜக்கெற்றும் வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் வசந்தத்தில் பூத்தது. மொட்டாக இருக்கும்போது சிவப்பு, விரிந்தால் வெள்ளை. மலைப்பக்கத்து ஊரில் பூத்ததும் இப்படியேதான். மகள் பள்ளிக்கூடத்தால் வந்தவள், முதுகுப் பையோடு அதன் முன்னால் நின்றுவிட்டாள். நானும் குப்பை கொட்ட வந்தவள் பக்கத்தில் போய் நின்றேன். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு இதைக் காட்டுவோம், பறிக்காமல் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றாள். அது பெட்டையோ பெடியனோ என்று கேட்டாள். பெடியன் என்றேன்.

அவள் முதுகுப் பையைத் தூக்கிச் சரிசெய்தாள்.

"பெடியன் எண்டால் பூப் பாக்க வரமாட்டான் அம்மா. காய்க்கட்டும், அப்ப கூப்பிடுவம்."