என் லேப்டாப்பில் நன்றாகத்தான் ஓடியது

கும்மிடிப்பூண்டி ஆலை ஒன்றின் வாயுக்கசிவு அலாரத்துக்கு மென்பொருள் எழுதுவது என் வேலை. இன்று காலை பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டே புதுப் பதிப்பை அனுப்பினேன்.

மதியம் ஆபரேட்டர் அண்ணன் கூப்பிட்டார். "இன்னாம்மா அனுப்பிக்கீற? தொறந்தா ஒடனே மூடிக்குது. அலாரமே இல்லாம வேலை நடந்துகினு கீது. ஒன் ஊட்டுக்காரரும் உள்ளதான் கீறாரு."

உடனே லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். நிரலைக் கம்ப்யூட்டருக்கான கட்டளைகளாக மாற்றும் கம்பைலரில் ப்ராசஸர் வகையை மாற்ற மறந்து, என் புது லேப்டாப்புக்கென்றே கம்பைல் செய்திருக்கிறேன். அங்கிருப்பது பழைய கம்ப்யூட்டர். அந்தக் கட்டளைகள் அதற்குப் புரியாது.

"அண்ணா, மொதல்ல எல்லாரையும் வெளிய அனுப்புங்க!"

"ஆங், டீ பிரேக்குன்னு சொல்லிடறேன்."

பழைய ப்ராசஸருக்கு மாற்றி அனுப்பினேன். சோதனை அலாரம் போனிலேயே கேட்டது.

சாயங்காலம் வீட்டுக்காரர், "இன்னிக்கு ரெண்டு டீ பிரேக் வுட்டானுங்க" என்றார் சந்தோஷமாக.

அவரிடம் எப்படிச் சொல்வது? இங்கே உங்களிடம் சொல்லிவிட்டேன். நல்லவேளை, அவர் ஃபேஸ்புக்கில் இல்லை.