டார்லீன் வெட்டிய கோணல் வழி

நாற்பத்தெட்டு வயதுவரை டார்லீன் ஹியெட்டலாவுக்கு லோடர் வண்டி என்பது வாசலில் நின்று புகை கக்கும் ஒரு சனியன், அவ்வளவுதான். அது அவள் கணவன் லெஸ்ஸின் செல்லப்பிள்ளை. குளிர்காலம் வந்தால் அதன் முன்னால் பனி வீசும் ப்ளோயரை மாட்டிக்கொண்டு, அமெரிக்காவின் வடக்கே பெரிய ஏரியை ஒட்டிய கீவினாவின் அந்த மேட்டுச்சாலையில் பத்துப் பன்னிரண்டு வாசல்களை அவன் சுத்தம் செய்து கொடுப்பான். அவளோ பள்ளிக்கூடச் சமையலறையில் சூப் கிண்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் வேலைப் பிரிவினை அப்படி அமைந்துவிட்டது. யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை.

இன்று ஹான்காக் நகரத்தில், மாடிவீட்டில், வெந்நீர்க் குழாய் சூட்டில் உட்கார்ந்திருக்கிறாள். பழைய கதை பேச யாராவது வந்தால், மற்ற வருஷங்களையெல்லாம் தள்ளிவிட்டு நேராக அந்த ஒரு குளிர்காலத்துக்குப் போய்விடுவாள்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்பே ஏரியிலிருந்து மேகம் வரிசைகட்டி வந்தது. கூரையில் சேர்ந்த பனியைத் தள்ள ஏறிய லெஸ், பனியோடு சேர்ந்து தானும் கீழே வந்தான். தோள் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. ஆஸ்பத்திரியில் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டி அனுப்பினார்கள். சமையலறை ஜன்னல் ஓரம் நாற்காலியைப் போட்டு, மேஜைமேல் பேசவும் கேட்கவும் கூடிய வானொலிப் பெட்டியை வைத்து, லோடரில் இருக்கும் பெட்டியோடு பேசுவதற்கு வசதி பண்ணிக்கொண்டான்.

"நான் சொல்றேன், நீ ஓட்டு. அதுல ஒண்ணும் வித்தை இல்ல," என்றான்.

பள்ளிக்குப் போகும் முன்னும், வந்த பின்னும் அவள் ஓட்டினாள். அந்த அலைவரிசையில் சாலை முழுக்க ஆள் இருந்தது. புருஷன் பெண்டாட்டி பேச்சை ஊரே காப்பி குடித்துக்கொண்டு கேட்டது.

"டார்லீன், வேகமா போய்க் குத்து. பனி தானா வழிவிடும்."

"பனி ஒண்ணும் பயப்படல லெஸ். எனக்குத்தான் பயமா இருக்கு."

நடுவில் நார்ம் கூசினோவின் குரல் நுழையும். லாரி முன்னால் இரும்புத் தகடு கட்டிப் பனி தள்ளுகிறவன். லெஸ்ஸுக்குத் தொழிலில் போட்டி, சீட்டாட்டத்தில் கூட்டாளி. "யோவ் லெஸ், உன் காப்பி மிஷின்ல இன்னிக்கு யாருய்யா அரைக்கிறது? பொடி நல்லா விழுதா?"

"நார்ம், உன் பெண்டாட்டி உன்னைத் தேடறா. வானொலியை வெச்சிட்டுப் போ," என்பாள் டார்லீன்.

லெஸ் சொன்னபடி குத்திப் பார்த்தாள். முதல் வாரத்திலேயே ப்ளோயருக்குள் சுழலும் திருகின் போல்ட் மூன்று முறை உடைந்தது. பெரிய சேதம் வராமலிருக்க, முதலில் உடைவதற்கென்றே போட்ட போல்ட் அது. பனியில் மண்டியிட்டு, விரைத்த விரலோடு அதை மாற்றும்போது அவளுக்கு அழுகை வந்தது. லெஸ்ஸிடம் சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் வானொலியின் காதைத் திருகி அணைத்துவிட்டு, எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டாள். அடுப்பில் பெரிய பானை கொதிக்கிற சத்தத்தை வைத்தே தீயைக் கூட்டிக் குறைத்த கை அது. எஞ்சின் முழு மூச்சில் ஓடவேண்டும், சக்கரம் மட்டும் நத்தை மாதிரி ஊரவேண்டும். சத்தம் கொஞ்சம் கனத்தால் நின்று, ப்ளோயர் விழுங்கியதைத் துப்பி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். எஞ்சின் வேகமும் சக்கர வேகமும் வேறு வேறு என்பது பிடிபட்ட அன்று ஒரு போல்ட்கூட உடையவில்லை.

மற்றதும் ஒவ்வொன்றாக வந்தது. காலையில் கிளப்பியவுடனே திருகைச் சுற்றவைக்கும் ஹைட்ராலிக் ஆயில் குளிரில் உறைந்த தேன்போல இருக்கும். அதை வைத்துக்கொண்டு வேலை வாங்கினால் திருகு சோம்பலாகச் சுற்றும். கால்மணி நேரம் சும்மா ஓடவிட்டு, ஆயில் ஓடும் ஹோஸ் குழாய் சூடாகிற வரை அவள் ரொட்டி தின்றாள். ஈரப்பனி என்றால் முழு அகலத்துக்குக் கடிக்கக் கூடாது, பாதிதான். ஆளுயரக் குவியல் என்றால் ப்ளோயரைத் தூக்கி மேல்பாதியைச் சீவிவிட்டு, அப்புறம் அடிப்பாதி. பனி வெளியே பறக்கும் குழாயின் உள்பக்கம் ஈரப்பனி அப்பிக்கொள்ளாமல் இருக்க, கேக் அச்சுக்குத் தடவுவதுபோல எண்ணெயைத் தடவினாள். அப்படியும் அடைத்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு, பழைய கஞ்சித் துடுப்பால் குத்தி எடுப்பாள். கையை மட்டும் விடமாட்டாள்.

"சமையல் எண்ணெயா?" லெஸ் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டுக் கேட்டான். "என் மிஷினை என்ன பண்டம்னு நினைச்சே?"

"சாப்பிடறதும் துப்பறதும்தானே அது வேலை. வேற என்ன பண்டம்?"

மார்ச் கடைசியில், எல்லாம் முடிந்தது என்று ஊர் மூச்சுவிட்ட நேரத்தில், அந்தப் பனி விழுந்தது. சிமெண்ட்டைக் குழைத்து வானத்திலிருந்து கொட்டினதுபோல ஒரு ராத்திரியும் பாதிப் பகலும் கொட்டியது. மறுநாள் காலை வானொலியில் நார்மின் குரல் கேட்டது. வழக்கமான கிண்டல் அதில் இல்லை.

"லெஸ், இருக்கியா? லாயிஸ் படிக்கட்டுல விழுந்துட்டா. இடுப்பு. அசையவே முடியல."

நார்மின் பெண்டாட்டியை ஏற்றிப்போக ஆம்புலன்ஸ் பெரிய சாலைவரை வந்து நின்றது. அங்கிருந்து நார்ம் வீட்டுக்கு மேடு ஏறும் நீளமான பாதை முழுக்க மூடியிருந்தது. நார்ம் லாரியை வைத்துத் தள்ளப் பார்த்தான். அந்த வருஷப் பனி ஏற்கெனவே இரண்டு பக்கமும் சுவராக நின்றதால், தள்ளினதைக் கொண்டுபோய் வைக்க இடமில்லை. லாரி வழுக்கிப் பாதையின் குறுக்கே சாய்ந்து சிக்கிக்கொண்டது. பலகையில் கட்டி இழுத்துவரலாம் என்று பார்த்தார்கள். லாயிஸைத் தொட்டாலே அலறினாள்.

டார்லீன் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தாள். லெஸ் ஒற்றைக் கையோடு எழுந்து நின்றான். நல்லதோ கெட்டதோ எதையாவது சொல்வான் என்று அவள் காத்திருந்தாள்.

"ஆயிலைச் சூடாக்கிட்டுப் போ," என்றான். "அவசரம்னு அதை விட்டுடாதே."

அது அவள் கண்டுபிடித்தது. அவன் எப்போதும் செய்யாதது.

ஆம்புலன்ஸ்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, அவள் லோடரில் உட்கார்ந்து ஆயில் சூடாகக் காத்திருந்தாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு கனமான கால்மணி நேரம் வேறு இல்லை. அப்புறம் கிளம்பினாள். மேல்பாதி, அடிப்பாதி, அரை அகலம், மறுபடி மேல்பாதி. காற்று மேற்கிலிருந்து அடித்ததால் குழாயைக் கிழக்கே திருப்பிவிட்டாள். சின்ன மழைபோல் பனி மரங்களுக்கு மேலே போய் விழுந்தது. நார்ம் முன்னால் நடந்து, கடப்பாரையால் குத்திக் குத்தி அடியில் கல்லோ மரமோ இருக்கிறதா என்று பார்த்தான்.

லாரி கிடந்த இடத்துக்கு வந்ததும் வழி முடிந்துவிட்டது.

"இப்ப என்ன பண்ணறது?" என்றான் நார்ம்.

"இந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"வேலி. அதுக்கு அந்தாண்ட லாயிஸோட ருபார்ப் செடிப் பாத்தி. அவ உயிர் அது."

"வேலியைப் பிடுங்கு."

"தாயே, அவ என்னைக் கொன்னுடுவா."

"கொல்ல எழுந்து நடந்தா நல்லதுதானே. பிடுங்கு, நார்ம்."

அவன் பிடுங்கினான். அவள் பாத்திக்கு மேலே வளைந்து போய், லாரியைச் சுற்றி, வீட்டுப் படிவரை வழி வெட்டினாள். மூன்று முறை குழாய் அடைத்தது. மூன்று முறையும் எஞ்சினை நிறுத்தி இறங்கினாள். "அப்படியே குத்திவிடு" என்று யாரோ கத்தியதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆம்புலன்ஸ் அந்தக் கோணல் வழியில் ஆடி ஆடி ஏறிப்போய், லாயிஸை ஏற்றிக்கொண்டு இறங்கியது. டார்லீன் அதன்பிறகுதான் எஞ்சினை நிறுத்தினாள். நார்ம் கையைப் பிடித்து இறக்கினான். அவள் தொப்பியிலிருந்த பனியைத் தட்டிவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்தபோது லெஸ் ஒற்றைக் கையாலேயே மாமிசமும் கிழங்கும் வைத்த பேஸ்டியைச் சூடாக்கி வைத்திருந்தான். ஒரு பக்கம் கருகியிருந்தது.

"பாதி வழியில வானொலியை அணைச்சிட்டே," என்றான்.

"ஆமா."

"நல்ல காரியம் பண்ணே."

லாயிஸ் தேறினாள். மே மாதம் பனி உருகியதும் கைத்தடியோடு வந்து, சக்கரம் உழுத ருபார்ப் பாத்தியைப் பார்த்து டார்லீனைத் திட்டினாள், மனசாரத் திட்டினாள். பிறகு மிச்சமிருந்த புளிப்புத் தண்டுகளை வெட்டி அவள் மடியில் போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த இலையுதிர்காலத்தில் லெஸ்ஸின் தோள் சரியானது. ஒரு காலை லோடரில் ஏறி உட்கார்ந்தான். கொஞ்சநேரம் நெம்புகோல்களைப் பிடித்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான்.

"சீட்டு உன் உசரத்துக்கு மாத்தியிருக்கு," என்றான். "திரும்ப மாத்தறது வீண் வேலை."

அதற்கப்புறம் அவள்தான் ஓட்டினாள். பள்ளி வேலையை விட்டாள். அவன் மண்வாரியோடு கூடவே வந்து, இயந்திரம் நுழையாத மூலைகளைத் துடைத்து எடுத்தான். பல குளிர்காலங்கள் அப்படிப் போயின. விடியலில் இருவரும் கிளம்புவார்கள், ஒரே குடுவையில் காப்பி, பாதி வழியில் சண்டை, கடைசி வாசலில் சமாதானம். சாப்பிட்டபிறகு சானா என்னும் நீராவிக் குளியல் அறையின் சூட்டில் உட்கார்ந்து, எந்த வாசலில் எவ்வளவு விழுந்தது என்று கதை பேசுவார்கள். அந்த நாட்களில் தான் சந்தோஷமாக இருந்ததாக அவளுக்குத் தெரியவில்லை. வேலையாக இருந்ததாகத்தான் நினைத்தாள்.

லெஸ் ஒரு ஜூன் மாதம் போய்ச் சேர்ந்தான். அவள் இன்னும் சில வருஷம் தனியாக ஓட்டினாள். முழங்கால் மறுத்ததும் லோடரையும் ப்ளோயரையும் மேட்டுச்சாலையின் ஒரு இளம் தம்பதிக்கு விற்றாள். யார் ஓட்டுவது என்று அவர்களுக்குள் வாக்குவாதம் நடந்தது, அவள் தலையிடவில்லை.

ஹான்காக் தெருவில் நகராட்சி வண்டி தினமும் வருகிறது. நன்றாகத்தான் தள்ளுகிறார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஓரமாகத் தள்ளி அழுக்காகக் குவித்துவிட்டுப் போகிறார்கள். காற்றில் வளைந்து எழும்பி, காலை வெயிலில் ஒரு கணம் முழுக்க மினுங்கி, மரங்களுக்கு அந்தப் பக்கம் சத்தமில்லாமல் போய் இறங்கும் அந்தப் பனி இங்கே கிடையாது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாலும் அவள் தெருவைப் பார்ப்பதில்லை. மரங்களின் உச்சியைத்தான் பார்க்கிறாள்.