குர்லாவில் விட்ட கை

ஓய்வு பெற்றபின், டில்லிக் குளிருக்குப் பயந்து மார்கழியில் நானும் மனைவியும் மகனின் செம்பூர் வீட்டுக்கு வந்துவிடுவோம். அன்று ஐந்து வயதுப் பேத்தியோடு மாட்டுங்கா கோயிலுக்குக் கிளம்பி, குர்லாவில் ரயில் மாறினோம். வழக்கம்போல மனைவி லேடீஸ் பெட்டிக்கு ஓடினாள். "பாட்டிகூடப் போ" என்று பேத்தியின் கையை விட்டுவிட்டு, நான் ஜெனரலில் தொற்றிக்கொண்டேன்.

மாட்டுங்காவில் இறங்கியதும் மனைவி கேட்டாள், "குழந்தை எங்கே?"

"உன்கூட ஏறலையா?"

அவள் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பும் ரயிலில் எனக்கு ஒரு சாமி பெயர்கூட வாயில் வரவில்லை.

குர்லாவில், விட்ட இடத்திலேயே பேத்தி நின்றிருந்தாள். ரயிலில் ஹேர்கிளிப் விற்கும் பெண் ஒருத்தி அவளை அணைத்திருந்தாள்.

"யாவாரத்த விட்டுட்டு நிக்கேன் ஐயா. புள்ள அழுது ஓஞ்சு போச்சு."

"வாடா கண்ணா" என்று கையை நீட்டினேன்.

பேத்தி வரவில்லை. அந்தப் பெண்ணின் புடவையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நீட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.