பாலில் என்ன கலந்தார்?

ராத்திரி ட்யூட்டி பார்க்கும் நர்ஸுக்குப் பகலில்தான் தூக்கம். தூக்கமாவது ஒன்றாவது! புரண்டு புரண்டு படுத்துவிட்டு, எரிகிற கண்ணோடு மறுபடி வேலைக்கு ஓடுவாள். போன மாதம் கண் சொருகி, ஒருவருக்கான ஊசியை இன்னொருவருக்குப் போடப் போய்விட்டாள். பெரிய சிஸ்டர் பாய்ந்து கையைப் பிடித்ததால் ஓர் உயிர் பிழைத்தது. இன்னொரு தடவை அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே அவளுக்குக் குலை நடுங்கியது. வீட்டில் மூச்சுவிடவில்லை.

அதற்கப்புறம்தான் அவள் புருஷன், வீட்டு முன்னறையிலேயே மிஷின் போட்டுத் தைக்கும் தையல்காரர், திடீரென்று நல்லவராகிப் போனார். ஒரு டம்ளர் தண்ணீர்கூட மொண்டு கொடுத்தறியாத மனுஷன்! ஜன்னலுக்குக் கறுப்புத் துணியில் திரை தைத்து மாட்டினார். வேலை முடிந்து வந்ததும் அவள் குடிக்கும் டீயை நிறுத்தினார். செல்போனைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் போட்டார். "வெந்நீர்ல கால கழுவிட்டு வா" என்று சொல்லி, சூடாகப் பாலை நீட்டினார்.

அவள் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். அதுதான் உறுத்தியது. வருஷக்கணக்காக வராத தூக்கம் ஒரு திரைக்கும் ஒரு டம்ளர் பாலுக்குமா வந்துவிடும்? யாரிடம் காது குத்துகிறார்? மாத்திரையைப் பொடித்துப் போடுகிறார், சந்தேகமே இல்லை. எதற்கு? ஒருநாள் நடுவில் விழிப்புத் தட்டியபோது முன்னறையில் மிஷின் சத்தம் இல்லை, அவர் செருப்பும் இல்லை. தன்னைத் தூங்கவைத்துவிட்டு யாரைப் பார்க்கப் போகிறார்?

வேறு யாராக இருந்தாலும் சண்டை பிடித்திருப்பார்கள். இவள் பாலில் கொஞ்சத்தை, ரத்தம் எடுக்கும் சின்னக் குப்பியில் ஊற்றி லேப்காரரிடம் கொடுத்தாள்.

"வெறும் பால்தான் சிஸ்டர்" என்று சிரித்தார் அவர். "தண்ணிதான் கொஞ்சம் ஜாஸ்தி."

அப்படியானால் வேறு எதிலோ கலக்கிறார்! மறுநாள் பாலைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டுக் கண்ணை மூடிப் படுத்தாள். கதவு மெல்லச் சாத்தப்பட்டது. பூனை மாதிரி பின்னாலேயே போனாள். காலடி மொட்டை மாடிக்கு ஏறியது.

அங்கே தண்ணீர்த் தொட்டியோரம் ஒரு பழைய போர்வையைக் கட்டி, அதன் கீழே தையல் மிஷினை இறக்கி வைத்துக்கொண்டிருந்தார் தையல்காரர். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

"என்னங்க இது?"

அவர் திருதிருவென்று விழித்தார். "ஐயோ, மேல வச்சாலும் சத்தம் கேக்குதா?"

அவள் மிஷினையும் போர்வையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஊசி விஷயத்தப் பெரிய சிஸ்டர் போன்ல சொன்னாங்க. நீயா சொல்லுவேன்னு பாத்தேன், சொல்லல. காதுகிட்ட மிஷின் கடகடன்னு ஓடினா எப்படித் தூக்கம் வரும்? இத்தன வருஷமா எனக்கு அது உறைக்கலையே." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாலக் குடிச்சியா?"

"குடிச்சேங்க" என்றாள். வெட்கத்தில் அழுகை முட்டியது.

"அப்ப போய்ப் படு. ராத்திரி உன்ன நம்பித்தான அத்தன பேர் படுத்திருக்காங்க."

அவள் கீழே இறங்கி, பாத்திரத்தில் மிச்சமிருந்த பாலைத் தானே சுடவைத்துக் குடித்துவிட்டுப் படுத்தாள்.