கப்பலைத் தவறவிட்ட நர்ஸ்

அந்தமானில், பம்பூபிளாட்டிலிருந்து சாத்தம் வரும் காலை ஃபெரியில், நைட் டியூட்டி முடித்த நர்ஸ் ஒருத்தி என் எதிரே உட்காருவாள். உட்கார்ந்ததுமே ஷூவைக் கழற்றி, வீங்கிய பாதங்களைக் காற்றில் நீட்டிக்கொள்வாள்.

ஒருநாள், “ஆளே பத்தலை அக்கா, நைட்டு மேல நைட்டு. ஜஹாஸ் டிக்கெட் எடுத்துட்டேன், மெயின்லேண்டுக்கே போறேன்” என்றாள்.

அடுத்த வாரம் அதே இடத்தில் அதே பாதங்கள். வீக்கம் வடிந்திருந்தது.

“போகலையா?” என்றேன்.

“முந்தாநாள் வரைக்கும் என் நைட்டையெல்லாம் இன்சார்ஜ் சிஸ்டர் தானே எடுத்துக்கிட்டாங்க. ‘முதல்ல தூங்கு, அப்புறம் முடிவு பண்ணு’ன்னாங்க. தூங்கிட்டேன் அக்கா. முழிச்சுப் பார்த்தா ஜஹாஸ் போயிருச்சு.”

அவள் குடியிருப்பது துறைமுகத்தை ஒட்டிய மரைன் ஹில்லில். கப்பல் சங்கு ஊதினால் அங்கே ஜன்னலே அதிரும்.

அவள் கால் நீட்ட, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.